விழித்திரையில் உறைந்த ரத்தம் சொல்வது என்ன?

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், புளியங்குடிக்கும் சிவகிரிக்கும் நடுவே இருக்கிறது வாசுதேவநல்லூர். அந்தப் பக்கத்தில் வயதான ஒருவர் ஒரு கண் மங்கலாகத் தெரிகிறது என்று சொன்னால், வீட்டிலும் திண்ணையிலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "புரை விழுந்திருக்கும்லா, முத்தட்டும், பாத்துக்கிடுவோம்." பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். புரை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்வது. அறுவை செய்தால் பார்வை திரும்பிவிடும். கண் முகாம்களும் மருத்துவமனைகளும் கடந்த ஐம்பது ஆண்டுகளில் தென்மாவட்ட மக்களுக்கு இந்த நம்பிக்கையைத் தந்திருக்கின்றன.

ஆனால் நேற்று இரவு வரை தெளிவாகத் தெரிந்த கண், இன்று காலையில் திடீரென்று மங்கினால் கதை வேறு. வலி இருக்காது. கண் சிவந்திருக்காது. கண்ணாடியில் பார்த்தால் வெளியே எந்த மாற்றமும் தெரியாது. பார்வையின் நடுப்பகுதி புகை படிந்தது போலவோ, மேல்பாதி அல்லது கீழ்பாதி மட்டும் இருண்டோ தெரியும். இப்படி வரும் மங்கலுக்கு விழித்திரை பிரிவது, விழித்திரைத் தமனி அடைப்பது, கண்ணுக்குள் ரத்தம் கசிவது என்று பல காரணங்கள் உண்டு. அவற்றில் அடிக்கடி காணப்படுவது விழித்திரைச் சிரை அடைப்பு. உலகம் முழுவதும் 2015-ல் ஏறத்தாழ 2.8 கோடிப் பேருக்கு இது இருந்ததாக ஒரு மதிப்பீடு சொல்கிறது. 30 வயதைத் தாண்டியவர்களில் ஆயிரத்துக்கு ஏழெட்டுப் பேர். சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்புக்கு அடுத்தபடியாக, விழித்திரையின் ரத்தக்குழாய்களைத் தாக்கும் நோய்களில் அதிகம் காணப்படுவது இதுதான்.

அந்தக் கண்ணுக்குள் அடைத்திருப்பது ரத்தத்தின் உறைகட்டி. குழாய்க்குள் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய ரத்தம் ஏன் உறைந்தது என்ற கேள்விக்கு விடை தேடிப் போனால், கண்ணைத் தாண்டி உடம்பு முழுவதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த விடை ஆளுக்கு ஆள், வயதுக்கு வயது, நாட்டுக்கு நாடு மாறுகிறது என்பதுதான் இந்த நோயில் என்னை மிகவும் வியக்க வைப்பது.

ஒரே உறைக்குள் இரண்டு குழாய்கள்

விழித்திரை என்பது கால் மில்லிமீட்டர் கனமுள்ள மெல்லிய நரம்புத் திசு. எடைக்கு எடை பார்த்தால், உடம்பில் மிக அதிகமாக ஆக்ஸிஜன் கேட்கும் திசுக்களில் ஒன்று. அதன் உள்ளடுக்குகளுக்கு ரத்தம் கொண்டுவருவது மையத் தமனி. வேலை முடிந்த ரத்தத்தைத் திரும்பக் கொண்டுபோவது மையச் சிரை. விழித்திரையின் பெரிய சிரைகளே ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு அகலம்தான் இருக்கும். கிளைச் சிரைகள் எல்லாம் கூடி ஒன்றாகி, பார்வை நரம்பின் வழியே கண்ணை விட்டு வெளியேறுகின்றன.

வெளியேறும் அந்த இடம்தான் ஆபத்தானது. அங்கே நரம்பு இழைகள் நுழைந்து போவதற்காகச் சல்லடை போன்ற தட்டு ஒன்று இருக்கிறது. தமனியும் சிரையும் அந்த நெருக்கடியில், ஒரே உறையால் சுற்றப்பட்டு, ஒன்றையொன்று ஒட்டியபடி போகின்றன. தமனியின் சுவர் தடித்தது. சிரையின் சுவர் மெல்லியது. பல ஆண்டுகள் ரத்தக் கொதிப்பு இருந்தால் தமனியின் சுவர் மேலும் தடித்து இறுகும். பக்கத்தில் இருக்கும் சிரைக்கு ஒதுங்க இடமில்லை. அது நசுங்குகிறது, ரத்த ஓட்டம் குழம்புகிறது, உட்சுவர் காயப்படுகிறது, அங்கே ரத்தம் உறைகிறது. மையச் சிரை அடைப்பு வந்த 29 கண்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து அமெரிக்க மருத்துவர் வில்லியம் ரிச்சர்ட் கிரீனும் அவருடைய குழுவும் 1981-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அத்தனை கண்களிலும் அந்தச் சல்லடைத் தட்டு இருக்கும் இடத்திலோ அதற்குச் சற்றுப் பின்னாலோ உறைகட்டி இருந்தது.

கிளைச் சிரை அடைப்பு இன்னும் அதிகமாக வருவது. விழித்திரையின் மேல் தமனியும் சிரையும் குறுக்கே கடக்கும் இடங்களிலும் இரண்டுக்கும் பொதுவான உறை இருக்கிறது. பெரும்பாலும் தமனி மேலாகவும் சிரை கீழாகவும் கடக்கின்றன. இறுகிய தமனி அழுத்தும் அந்தக் கடப்பில்தான் கிளைச் சிரை அடைக்கிறது.

அடைப்புக்குப் பிறகு நடப்பதை நஞ்சை வைத்திருப்பவர்களிடம் விளக்க வேண்டியதில்லை. வயலுக்கு வரும் மடை திறந்தே இருக்கிறது, வடிகால் மட்டும் தூர்ந்துவிட்டது என்றால் பயிர் தண்ணீரிலேயே நின்று அழுகும். விழித்திரையிலும் தமனி ரத்தத்தைக் கொண்டுவந்துகொண்டே இருக்கிறது. வெளியேற வழியில்லாததால் சிரைகள் புடைத்து நெளிகின்றன. நுண்குழாய்களிலிருந்து ரத்தமும் நீரும் திசுவுக்குள் கசிகின்றன. கூர்மையான பார்வைக்குப் பொறுப்பான மாக்குலா என்ற நடுப்பகுதி வீங்குகிறது. ரத்தம் தேங்கி நிற்பதால் புதிய ஆக்ஸிஜனும் வந்து சேர்வதில்லை.

மூன்று காரணங்கள்

ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-ல் விழித்திரைநோக்கியை அறிமுகப்படுத்திய பிறகுதான், உயிரோடிருக்கும் ஒருவரின் ரத்தக்குழாய்களை வெட்டாமல் திறக்காமல் நேரில் பார்க்க மருத்துவர்களால் முடிந்தது. அதே நாட்டில் 1856-ல் ருடால்ஃப் வீர்ஹோ, குழாய்க்குள் ரத்தம் உறைவதைப் பற்றிய தன் ஆய்வுகளை வெளியிட்டார். அந்த வழியில் வந்த பாடம் இன்றும் மருத்துவ மாணவர்கள் படிப்பது: குழாய்ச் சுவரில் பழுது, ஓட்டத்தில் தேக்கம், ரத்தத்தின் தன்மையில் மாற்றம் என்ற மூன்றில் ஒன்றோ பலவோ சேர்ந்தால் ரத்தம் உறையும். யூலியஸ் ஃபொன் மிஷெல் 1878-ல் மையச் சிரை அடைப்பை உறைகட்டியால் வரும் தனி நோயாக விவரித்தார்.

அறுபது வயதைத் தாண்டியவருக்கு அடைப்பு வந்தால் முதல் இரண்டு காரணங்களே பெரும்பாலும் போதும். ரத்தக் கொதிப்பு, ரத்தக் கொழுப்பு, சர்க்கரை, புகை பிடித்தல், கண் நீர் அழுத்த நோய் எனப்படும் கிளாகோமா ஆகியவை பழைய குற்றவாளிகள். 2008-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, விழித்திரைச் சிரை அடைப்புகளில் ஏறத்தாழ பாதியை ரத்தக் கொதிப்பின் கணக்கில் எழுதலாம் என்று காட்டியது.

முப்பது வயதில் ஒருவருக்கு வந்தால்? கொதிப்பும் இல்லை, சர்க்கரையும் இல்லை, தமனியும் இளமையாக இருக்கிறது என்றால், மூன்றாவது காரணத்தைத் தேட வேண்டும். ரத்தமே உறைவதற்குத் துடித்துக்கொண்டிருக்கிறதா?

ரத்தத்தின் தடைக்கட்டை

ரத்தத்திடம் உடம்பு கேட்பது ஒன்றுக்கொன்று முரணான இரண்டு காரியங்கள். கையில் அரிவாள் பட்டால் சில நிமிடங்களில் உறைய வேண்டும். காயமில்லாத இடத்தில் வாழ்நாள் முழுவதும் உறையாமல் ஓட வேண்டும். இதற்காக ரத்தத்தில் உறைய வைக்கும் புரதங்களும் இருக்கின்றன, அவற்றை அடக்கும் புரதங்களும் இருக்கின்றன. புரதம் சி, புரதம் எஸ், ஆன்டித்ராம்பின் ஆகியவை அடக்கும் கூட்டம். இவற்றில் ஒன்று பிறவியிலேயே குறைந்திருந்தால் இளம் வயதிலேயே கால் சிரைகளில், நுரையீரலில், சில நேரம் மூளையின் சிரைகளில் ரத்தம் உறைகிறது.

1993-ல் ஸ்வீடனில் பியோர்ன் தால்பேக் ஒரு புதிரைக் கண்டார். சில குடும்பங்களில் உறைவு நோய் இருந்தது, ஆனால் புரதம் சி குறைவாக இல்லை. புரதம் சி வேலை செய்தும் பயனில்லை. அடுத்த ஆண்டு நெதர்லாந்தின் லைடன் நகரில் பெர்ட்டினாவின் குழு விடை கண்டது. உறைதலுக்கு உதவும் ஐந்தாம் காரணிப் புரதத்தைக் குறிப்பிட்ட ஓர் இடத்தில் வெட்டித்தான் புரதம் சி அதை நிறுத்துகிறது. இவர்களுக்கு மரபணுவில் வந்த ஒரே எழுத்து மாற்றத்தால் அந்த இடத்து அமினோ அமிலம் மாறியிருந்தது. கத்தி இருக்கிறது, ஆனால் வெட்ட வேண்டிய இடம் மாறிப்போயிற்று. 'ஐந்தாம் காரணி லைடன்' என்று பெயர் பெற்ற இந்த மாற்றம் ஐரோப்பிய வம்சாவளியினரில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பேரிடம் உண்டு.

இனி விழித்திரை அடைப்பின் மர்மம் தீர்ந்தது என்று பலர் எதிர்பார்த்தார்கள். அப்படி நடக்கவில்லை. கால் சிரைகளில் உறைவுக்கு வலுவான காரணமான இந்த மாற்றம், விழித்திரை நோயாளிகளில் தேடியபோது வலுவில்லாத தொடர்பையே காட்டியது. நம் நாட்டிலோ இந்த மாற்றமே அரிது. ஐரோப்பியப் பாடநூலில் முதல் வரிசையில் இருக்கும் காரணத்தை மட்டும் நம்பித் தேடினால், வாசுதேவநல்லூரிலிருந்து வரும் ஓர் இளைஞரின் கண்ணுக்கு விடை கிடைக்காது.

2005-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வில், உறைதல் தொடர்பான காரணங்களில் இரண்டு மட்டும் விழித்திரை அடைப்போடு அழுத்தமாகத் தொடர்பு காட்டின. ஒன்று ஹோமோசிஸ்டீன். இன்னொன்று, உடம்பு தனக்கெதிராகவே உண்டாக்கிக்கொள்ளும் ஒருவகை எதிர்ப்புரதம்.

சோற்றோடு தொடர்புள்ள ஒரு வேதிப்பொருள்

ஹோமோசிஸ்டீன் நாம் சாப்பிடும் புரதத்திலிருந்து உடம்புக்குள் உண்டாகும் இடைப்பொருள். உண்டான வேகத்தில் அது மாற்றப்பட வேண்டும். மாற்றுவதற்கு வைட்டமின் பி12, ஃபோலேட், பி6 ஆகியவை தேவை. அவை குறைந்தால் ஹோமோசிஸ்டீன் தேங்கும். தேங்கினால் குழாயின் உட்சுவரைப் புண்படுத்தும், உறைதலைத் தூண்டும். பிறவிக் கோளாறால் இது மிக அதிகமாக இருந்த குழந்தைகளின் தமனிகள் கிழவர்களின் தமனிகளைப் போல இறுகியிருந்ததை 1969-ல் கில்மர் மெக்கல்லி எழுதியபோதுதான் மருத்துவ உலகம் இதைத் திரும்பிப் பார்த்தது.

ஹோமோசிஸ்டீனுக்கும் விழித்திரை அடைப்புக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வியை நம் மக்களிடமே கேட்டது சென்னை. சங்கர நேத்ராலயாவின் ஆய்வுக்குழு, மையச் சிரை அடைப்பு வந்தவர்களின் ரத்தத்தையும் நோயில்லாதவர்களின் ரத்தத்தையும் ஒப்பிட்டு 2007-ல் முடிவை வெளியிட்டது. நோயாளிகளிடம் ஹோமோசிஸ்டீன் கூடுதலாக இருந்தது. பி12 குறைவாக இருந்தது. ஒரு மரபணுவைக் காட்டிலும் ஒரு சத்துக்குறைவு இங்கே பெரிய சந்தேகத்துக்குரியது என்பதை அந்த ஆய்வு நமக்குச் சுட்டியது.

பி12 இயற்கையில் விலங்குவழி உணவில்தான் போதிய அளவு கிடைக்கிறது: மீன், முட்டை, இறைச்சி, ஈரல், ஓரளவு பால், தயிர். இட்லி மாவு புளித்தால் பி12 கிடைத்துவிடும் என்று சொல்வதுண்டு, அதை நம்பியிருக்க முடியாது. சைவ உணவு மட்டும் உண்பவர்கள் தவிர, பல்லும் பசியும் குறைந்து கஞ்சியோடு நிறுத்திக்கொள்ளும் முதியவர்கள், சர்க்கரைக்காகப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் எடுப்பவர்கள், வயிற்றெரிச்சலுக்காக அமிலம் குறைக்கும் மாத்திரையைத் தினமும் போடுபவர்கள் ஆகியோருக்கும் பி12 குறையலாம்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். வைட்டமின் மாத்திரையால் ஹோமோசிஸ்டீனைக் குறைத்துவிடலாம். ஆனால் மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனைகளில், 2006-ல் வந்த முடிவுகளின்படி, அப்படிக் குறைத்தது புதிய மாரடைப்பைத் தடுக்கவில்லை. ஆகவே பி12 ஊசி போட்டால் அடைபட்ட கண் தெளியும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. குறைபாடு இருந்தால் அதைச் சரிசெய்ய வேண்டியது உறுதி. ரத்தசோகைக்கும், கால் மரத்துப்போவதற்கும், மறதிக்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

குழாயில் ஒன்று, உடம்பில் ஒன்று

இரண்டாவது காரணம் இதைவிட விசித்திரமானது. சிலருடைய உடம்பு, செல்சவ்வில் உள்ள பாஸ்போலிப்பிடுகளோடு சேரும் புரதங்களைத் தாக்கும் எதிர்ப்புரதங்களைத் தயாரிக்கிறது. இவர்களின் ரத்தத்தை எடுத்துச் சோதனைக் குழாயில் வைத்தால் உறைய வழக்கத்தைவிட நேரமாகும். இவர்களுக்கு ரத்தம் எளிதில் உறையாது என்று நினைக்கத் தோன்றும். உடம்புக்குள் நடப்பது நேர் எதிர். காலில், மூளையில், நுரையீரலில், விழித்திரையில் உறைகட்டிகள் தோன்றுகின்றன. பெண்களுக்குக் கரு மீண்டும் மீண்டும் கலைகிறது. இவை எல்லாம் ஒரே நோயின் முகங்கள் என்று லண்டனில் கிரஹாம் ஹியூஸ் 1983-ல் சேர்த்துக் காட்டினார்.

சாதாரணக் காய்ச்சலுக்குப் பிறகும் இந்த எதிர்ப்புரதங்கள் கொஞ்சநாள் தலைகாட்டலாம். அதனால் ஒருமுறை சோதனையில் தெரிந்தால் மட்டும் நோய் என்று முடிவுகட்டுவதில்லை. குறைந்தது 12 வாரம் கழித்து மீண்டும் பார்த்து, அப்போதும் இருந்தால்தான் உறுதி.

இளம் வயதில் கேட்க வேண்டியவை இன்னும் உண்டு. கருத்தடை மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன் உறைதலைத் தூண்டும். கல்யாணம், கோயில் கொடை என்று மாதவிலக்கைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் தானாக வாங்கிப் போட்ட மாத்திரையைக்கூட மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகும் நோயிலும், சிலவகை ரத்தப் புற்றுநோய்களிலும் ரத்தம் கெட்டித்துச் சிரைகள் புடைக்கும். அப்போது பெரும்பாலும் இரண்டு கண்களும் பாதிக்கப்படும். சாதாரண ரத்த அணுச் சோதனையும் ஈஎஸ்ஆர் சோதனையுமே அந்தச் சந்தேகத்தை எழுப்பிவிடும்.

எல்லோருக்கும் எல்லாச் சோதனையும் வேண்டுமா?

இந்தப் பட்டியலைப் படித்தவுடன் கண் அடைத்த ஒவ்வொருவரும் ஆயிரக்கணக்கில் செலவழித்து எல்லாச் சோதனையும் செய்ய வேண்டும் என்று தோன்றலாம். வேண்டியதில்லை. இதைத் தெளிவாகச் சொன்னவர்களில் ஒருவர் பஞ்சாபில் 1927-ல் பிறந்து, பிரிட்டனிலும் பிறகு அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்திலும் உழைத்த சோகன் சிங் ஹேரே. விழித்திரைச் சிரை அடைப்பை அவரளவு நுணுகிப் படித்தவர்கள் மிகச் சிலர். மையச் சிரை அடைப்பில் ரத்த ஓட்டம் ஓரளவு மிஞ்சியிருக்கும் வகை, பெரும்பாலும் நின்றுபோன வகை என்ற பிரிவை நிலைநிறுத்தியவர் அவர். முதல் வகையில் பார்வை நன்றாகத் திரும்பலாம். இரண்டாவது வகை ஆபத்தானது. நூற்றுக்கணக்கான நோயாளிகளின் ரத்தத்தைப் பார்த்த பிறகு அவர் 2002-ல் எழுதியது, பெரும்பாலானவர்களுக்குச் செலவு குறைந்த வழக்கமான ரத்தச் சோதனைகள் போதும் என்பதே.

ஆகவே முதியவருக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, ரத்த அணுக்கள், ஈஎஸ்ஆர், கண் நீர் அழுத்தம் ஆகியவை முதலில். உறைதல் கோளாறுக்கான விரிவான சோதனை யாருக்கு? வழக்கமான காரணம் எதுவும் இல்லாத இளம் வயதினருக்கு, இரண்டு கண்களும் அடைத்தவர்களுக்கு, முன்பே காலிலோ மூளையிலோ ரத்தம் உறைந்தவர்களுக்கு, குடும்பத்தில் அப்படி நடந்தவர்களுக்கு, கரு பலமுறை கலைந்த பெண்களுக்கு.

உறைகட்டிதான் காரணம் என்றால் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுத்தால் தீர்ந்ததே என்று கேட்கலாம். ஹேரேயின் குழு 2011-ல் வெளியிட்ட ஆய்வில், ஆஸ்பிரினும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளும் எடுத்துக்கொண்டிருந்த மையச் சிரை அடைப்பு நோயாளிகளுக்குக் கண்ணில் ரத்தக்கசிவு அதிகமாகவும் பார்வை மோசமாகவும் இருந்தது. கண்ணுக்காக மட்டும் இவற்றைத் தொடங்குவதில் பயன் தெரியவில்லை. அதைப் படித்துவிட்டு, இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர் தானாக நிறுத்திவிடக் கூடாது. அது உயிருக்கே ஆபத்தாக முடியும்.

கண்ணைக் காப்பாற்றும் சிகிச்சை வேறு வழியில் வருகிறது. ஆக்ஸிஜன் கிடைக்காத விழித்திரை, உதவி கேட்டு விஈஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரக்கிறது. அந்தப் புரதம் குழாய்களை மேலும் கசிய வைக்கிறது, மாக்குலா வீங்குகிறது. ஓட்டம் பெரிதும் நின்ற கண்ணில், அதே புரதத்தால் கருவிழிக்குள் தேவையற்ற புதுக்குழாய்கள் முளைத்து, நீர் வெளியேறும் வழியை மூடி, கடும் வலியோடு கிளாகோமா வருகிறது. அடைப்பு வந்த முதல் மூன்று நான்கு மாதங்களில் அடிக்கடி தலைகாட்டுவதால் நூறு நாள் கிளாகோமா என்றே அதற்குப் பெயர். விஈஜிஎஃப் புரதத்தை அடக்கும் ரானிபிசுமாப் மருந்துக்கு 2010-ல் அமெரிக்காவில் இந்த நோய்க்காக அனுமதி கிடைத்தது. கண்ணுக்குள் ஊசியாகப் போடப்படும் இம்மருந்து பலருக்கு வீக்கத்தை வற்றவைத்துப் பார்வையைத் திருப்பித் தந்திருக்கிறது. பலருக்கு மாதாமாதம் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கும். உயிர்நிகரி எனப்படும், இம்மருந்துக்கு நிகரான இந்தியத் தயாரிப்பு 2015-ல் சந்தைக்கு வந்தது.

நம் கையில் இருப்பவை

1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை 1988-ல் திருநெல்வேலிக்கு வந்தது. அங்கே அரசு மருத்துவக் கல்லூரி 1965 முதல் இருக்கிறது. வாசுதேவநல்லூர்க்காரருக்கு விழித்திரை மருத்துவர் எட்டாத தூரத்தில் இல்லை. கைநழுவிப் போவது நாட்கள்தான்.

ரத்தக் கொதிப்புக்கு 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. தலைசுற்றல் இல்லை, அதனால் வேண்டாம் என்று அதை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். கொதிப்புக்கு அறிகுறி தேவையில்லை. அறிகுறி இல்லாமலே தமனியை அது இறுக்கிக்கொண்டிருக்கும். வாரம் ஒருமுறை ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் நாட்காட்டித் தேதியைப் படித்துப் பாருங்கள். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும். திடீரென்று மங்கல் தெரிந்தால் அன்றே, முடியாவிட்டால் மறுநாளே கண் மருத்துவரிடம் போய், மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரியவைத்து விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதோடு அவரிடம் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "இது ஏன் வந்தது?" முதியவருக்கு அந்தக் கேள்வி, அடுத்து வரவிருந்த பக்கவாதத்தைத் தடுக்கும் கொதிப்பு மாத்திரையில் போய் முடியலாம். சர்க்கரை நோயாளிக்கு யாரும் கவனிக்காத பி12 குறைவில் முடியலாம். இருமுறை கரு கலைந்து, காரணம் தெரியாமல் ஊராரின் பேச்சைத் தாங்கிக்கொண்டிருக்கும் ஓர் இளம்பெண்ணுக்கு, கண்ணில் தெரிந்த அடைப்பே அந்த எதிர்ப்புரதத்தைக் காட்டிக்கொடுக்கலாம். அது உறுதியானால் அடுத்த கர்ப்பத்தில் மருத்துவர் கண்காணிப்பில் ஹெப்பாரினும் சிறிய அளவு ஆஸ்பிரினும் தரப்படும். அந்தச் சிகிச்சையால் முழு மாதம் சுமந்து பிள்ளை பெற்ற பெண்கள் ஏராளம்.